சீன மூலிகையும் குழந்தைகளின் சிறுநீரகமும்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளின் சிறுநீரக நோய்க்குச் சீன மூலிகை மருந்து கொடுக்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் ஊர் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

என் மகனுக்கு ஐந்து வயது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் கசிந்து உடல் வீங்கும் நோய்) என்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்து நன்றாகத்தான் இருந்தான். ஆனால் எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை திரும்ப வந்துவிட்டது. மாத்திரையால் முகம் உப்பிவிட்டது, பசி அடங்குவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சின்சேயை (சீன மருத்துவரை) சொல்கிறார். 'பக் கெய்' வேர் போட்ட கஷாயம் குடித்தால் ஸ்டீராய்டே வேண்டாமாம். நம்பலாமா? – ஒரு தாய், பினாங்கு

ஸ்டீராய்டை நிறுத்திவிட்டுக் கஷாயம் என்றால், வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டோடு சேர்த்து என்றால், குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு யோசிக்கலாம். சீனாவில் நடப்பதும் இதுதான். அங்குள்ள பெரிய குழந்தை மருத்துவமனைகளிலும் இந்த நோய்க்கு முதல் மருந்து பிரெட்னிசோலோன் வகைதான். உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. (ஒரு நாளுக்கு 60 மி.கி.க்கு மேல் போகாமல்) 4 அல்லது 6 வாரம் தினமும், பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு காலம். இதற்குப் பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் கட்டுப்படுகிறார்கள். இந்த வேகத்தில் சிறுநீரில் புரதத்தை நிறுத்தும் மூலிகை எதுவும் இதுவரை இல்லை.

சீன மருத்துவர் இதன் மேல் என்ன சேர்ப்பார்? அதிக அளவு ஸ்டீராய்டு போகும் நாட்களில் குழந்தை முகம் சிவந்து, வியர்த்து, தூக்கம் கெட்டு, எரிச்சலோடு இருக்கும். அதை 'யின்' (உடலின் குளிர்ச்சித் தன்மை) குறைந்து சூடு ஏறிய நிலையாகக் கணக்கிட்டு ஷெங் டி, ஜி மு போன்ற குளிர்ச்சியான வேர்களைக் கொடுப்பார்கள். மாத்திரையின் அளவு இறங்க இறங்கக் குழந்தை சோர்ந்து, அடிக்கடி சளி பிடிக்கத் தொடங்கினால் ஹுவாங் ச்சி, து ஸு ஸி போன்றவற்றுக்கு மாறுவார்கள். உங்கள் ஊர்க் கடைகளில் கண்டோனியப் பேச்சில் 'பக் கெய்' என்று விற்பது இந்த ஹுவாங் ச்சிதான். சீன மருந்து நூலில் பெரியவருக்கு ஒரு நாளுக்கு 9 முதல் 30 கிராம். ஐந்து வயதுக்கு அதில் பாதிதான் கணக்கு.

நெஃப்ரோடிக் குழந்தைக்கு நோய் திரும்புவது பெரும்பாலும் ஒரு சளி, காய்ச்சலுக்குப் பின்னால்தான். அதனால்தான் ஹுவாங் ச்சி, பாய் ஜு, ஃபாங் ஃபெங் என்ற மூன்றும் சேர்ந்த 'யூ பிங் ஃபெங் சான்' பொடியைச் சளி தடுப்பதற்காகக் கொடுக்கிறார்கள். யோசனையில் பொருள் இருக்கிறது. ஆனால் இதை ஆராய்ந்த சோதனைகள் சிறியவை, பலவும் சரியான ஒப்பீடு இல்லாதவை. 'உதவக்கூடும்' என்பதற்கு மேல் யாரும் உறுதி தர முடியாது. காய்ச்சல் அடிக்கும்போது ஹுவாங் ச்சியை நிறுத்த வேண்டும் என்பது சீன மருத்துவத்தின் சொந்த விதி. கடைக்காரர் அதைச் சொல்லாமலே கட்டிக் கொடுப்பதுண்டு.

ஸ்டீராய்டை ஏன் சட்டென்று நிறுத்தக்கூடாது என்றால், இரண்டு மூன்று வாரம் சாப்பிட்டாலே குழந்தையின் அட்ரினல் சுரப்பி சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நிறுத்திய பிறகு சாதாரண வாந்தி, பேதி வந்தால்கூட இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி திரும்பும் குழந்தைக்கு ஸ்டீராய்டைக் குறைக்க லெவமிசோல், மைக்கோஃபெனோலேட், டேக்ரோலிமஸ் என்று வழிகள் உண்டு. முகம் உப்புவது உங்களை வாட்டுகிறது என்றால் முதலில் அதைச் சொல்லி இவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலைக்காகக் குவாங்ஜோவில் இருக்கிறோம். எட்டு வயது மகளுக்குக் காலில் ஊதாப் புள்ளிகள் வந்து, பிறகு சிறுநீரில் இரத்தமும் புரதமும் கண்டார்கள். ஒரு கிளினிக்கில் 'லெய் கோங் டெங்' மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார்கள். இது என்ன மருந்து? – ஒரு தந்தை, குவாங்ஜோ

லெய் கோங் டெங் வீரியமான கொடி. விஷமும் அதே அளவு வீரியம். தோல் நீக்கிய வேரின் உள்கட்டை மட்டுமே மருந்து. இலை, பூ, வேர்த்தோல் எதைத் தின்றாலும் சாவு வரை போகும். 1970களின் கடைசியில் நான்ஜிங்கில் லி லெய்ஷி என்ற சிறுநீரக மருத்துவர் இதைச் சிறுநீரக அழற்சிக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு சீனா முழுவதும் பரவியது. வேரிலிருந்து பிரித்த கிளைகோசைடுகளை 10 மி.கி. மாத்திரையாக்கி விற்கிறார்கள். சிறுநீர்ப் புரதத்தை இது குறைப்பது உண்மை. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் பர்ப்யூரா நெஃப்ரைட்டிசில் (ஊதாப் புள்ளிகளோடு வரும் சிறுநீரக அழற்சி) சீனக் குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டு இதைக் கொடுத்தார்கள்.

பிறகு கெடுதல்கள் குவிந்தன. ஆண்களுக்கு விந்தணு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது, சிலருக்கு அது திரும்புவதே இல்லை. கல்லீரல் நொதிகள் ஏறும், எலும்பு மச்சை நலிந்து வெள்ளணுக்கள் சரியும். 2012இல் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் விவரத்தாளைத் திருத்தி, குழந்தைகளுக்கும், பிள்ளை பெற விரும்பும் வயதினருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொடுக்கக்கூடாது என்று எழுத வைத்தது. பெட்டிக்குள் இருக்கும் தாளை வாங்கி 'ஜின் ஜி' என்ற தலைப்பின் கீழே பாருங்கள், தடைகள் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

அதனால் எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரை வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மாற்றே இல்லாத நிலையும் இல்லை. புரதம் குறைவாக இருந்தால் இரத்த அழுத்த மருந்துகளான எனாலாப்ரில், லோசார்டன் வகையே அதைக் குறைக்கும். அதிகமாக இருந்தால் ஸ்டீராய்டு, அதற்கும் மசியாவிட்டால் பயாப்சி (சிறுநீரகத் துணுக்குச் சோதனை) பார்த்து மற்ற மருந்துகள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பர்ப்யூரா வந்த குழந்தைகள் பலருக்கு சிறுநீரில் தெரிந்த இரத்தம் தானாகவே மறைந்துவிடும். அதனால் எந்த மூலிகை கொடுத்தாலும் 'குணமாக்கியது' போலத் தெரியும். சிலருக்கோ புள்ளிகள் மறைந்து வாரங்கள் கழித்துத்தான் சிறுநீரகம் பாதிக்கிறது. ஆகவே தோல் தெளிந்துவிட்டாலும் குறைந்தது 6 மாதம் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சில சீன மூலிகைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று படித்தேன். எந்தப் பெயர்களைப் பார்த்து விலக வேண்டும்? – சென்னை

முதல் எதிரி அரிஸ்டோலோக்கிக் அமிலம். அரிஸ்டோலோக்கியா இனக் கொடிகளில் இருப்பது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்சில் ஒரு எடைக்குறைப்பு மருத்துவமனைக்குப் போன பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் ஹான் ஃபாங் ஜி என்ற வேர் இருக்க வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி என்ற அரிஸ்டோலோக்கியா வேர் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனவர்களில் 39 பேருக்குப் பழைய சிறுநீரகங்களை எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இது 2000இல் வெளியானது.

எல்லாம் பெயர்க் குழப்பத்தால் வந்த வினை. மு டொங் என்று எழுதினால் ஒரு கடையில் தீங்கற்ற அகேபியா கொடி, இன்னொரு கடையில் குவான் மு டொங் என்ற அரிஸ்டோலோக்கியா. சீனா 2003இல் குவான் மு டொங்கையும், 2004இல் குவாங் ஃபாங் ஜி, ச்சிங் மு ஷியாங் இரண்டையும் மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இருமலுக்கான மா டோவ் லிங் காய் 2020 மருந்து நூல் பதிப்பில்தான் விலக்கப்பட்டது. ஷி ஷின் என்ற மூலிகை இன்னும் பட்டியலில் உண்டு, ஆனால் வேர்ப்பகுதி மட்டும். தழையில் இந்த அமிலம் கூடுதல். 'லோங் டான் ஷியே கான் வான்' என்ற உருண்டையில் முன்பு குவான் மு டொங் சேர்த்தார்கள். பழைய சரக்கு எங்காவது கிடந்தால் தொடாதீர்கள்.

இது சீனாவோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். சிறுநீரக நோய் உள்ள பிள்ளைக்குப் பூச்சி மருந்து என்றோ விஷமுறிவு என்றோ அவற்றை அரைத்துக் கொடுக்கக்கூடாது.

இந்தப் பாதிப்பின் பெரிய ஆபத்து, அது வழக்கமான சோதனையில் ஒளிந்துகொள்வது. சிறுநீர்ப் பட்டை சோதனை ஆல்புமின் என்ற பெரிய புரதத்தைத்தான் காட்டும். இங்கே கெடுவது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள், அவற்றிலிருந்து கசியும் சிறு புரதங்களைப் பட்டை காட்டாது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) ஏறுகிறது, பட்டையில் புரதம் 'டிரேஸ்' (மிகச் சொற்பம்) மட்டும், இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை, நோயின் அளவுக்குப் பொருந்தாத கடும் இரத்தசோகை. இவை ஒன்றுகூடினால் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன மூலிகை கொடுத்தீர்கள்' என்பதுதான். நிறுத்தினாலும் சேதம் மீளாது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

மருந்துக் கடையில் நாடி பார்த்து, என் மகளுக்குச் 'சிறுநீரகம் பலவீனம்' என்று சொல்லி லியு வெய் டி ஹுவாங் வான் கொடுத்தார்கள். அவளுக்கு நான்கு வயது, வளர்த்தி குறைவு, இரவில் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள். உண்மையிலேயே சிறுநீரக நோய் இருக்கிறதா? – கிள்ளான்

நாடியால் அதைச் சொல்ல முடியாது. சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பதன் கீழே எலும்பு, பல், உயரம், காது, பருவமடைதல் எல்லாம் அடங்கும். இந்த மருந்தின் பிறப்பே அதற்குச் சான்று. சோங் அரசகாலக் குழந்தை மருத்துவர் ச்சியென் யீ, பெரியவர்களுக்கான பழைய எட்டுச் சரக்கு உருண்டையிலிருந்து உஷ்ணமான இலவங்கப்பட்டை இனத்தையும் ஃபு ஸி என்ற நாபி இன நச்சு வேரையும் நீக்கி, ஆறு சரக்கில் இதை அமைத்தார். 1119இல் வெளியான அவரது மருத்துவ நூலில் இது வருகிறது. உச்சிக்குழி மூடாத, வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்கான மருந்தாகவே அவர் வைத்தார். சிறுநீரில் புரதம் போவதற்கு அல்ல. சரக்குகளின் விகிதம் ஷு டி 8, ஷான் ஜு யூ 4, ஷான் யாவ் 4, ஸே ஷியே 3, ஃபு லிங் 3, மு டான் பி 3.

நான்கு வயதில் இரவில் படுக்கை நனைவது சாதாரணம், ஐந்து வயது வரை யாரும் அதை நோயென்று சொல்வதில்லை. வளர்த்தி குறைவு என்றால் மட்டும் விடாதீர்கள். காலைச் சிறுநீர்ச் சோதனை, கிரியாட்டினின், பைகார்பனேட், இரத்த அழுத்தம், ஒரு ஸ்கேன். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள சில குழந்தைகளுக்கு வளர்த்திக் குறைவும், நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போவதும் மட்டுமே அறிகுறி.

என் மகனுக்கு மூன்று வயது, உயரம் 95 செ.மீ. கிரியாட்டினின் 0.9. லேப் தாளில் 1.2 வரை இயல்பு என்று அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் மூலிகை கொடுக்கலாம் அல்லவா? – திருச்சி

இல்லை, அந்த 1.2 பெரியவர்களுக்கானது. குழந்தையின் தசை சிறியது, கிரியாட்டினினும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு இது: 0.413ஐ உயரத்தால் (செ.மீ.) பெருக்கி, கிரியாட்டினினால் (மி.கி./டெ.லி.) வகுக்க வேண்டும். 0.413 × 95 ÷ 0.9 = 43.6. இந்த வயதில் 90க்கு மேல் இருக்க வேண்டிய வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே இருக்கிறது. மூலிகையைப் பற்றி அப்புறம் பேசலாம், இந்த வாரமே குழந்தைச் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.

இந்த நிலையில் எந்தக் கஷாயமும் சாதாரணக் கஷாயம் இல்லை. செடியை நீரில் காய்ச்சினால் அதன் பொட்டாசியத்தில் பெரும்பகுதி நீருக்கு வந்துவிடும். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. பொட்டாசியம் 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறும். மலேசியாவில் குளிர்ச்சிக்காகக் குடிக்கும் கரும்பு, தர்ப்பை இனப் புல்லின் வேர் போட்ட பானமும், ஸ்டார் ஃப்ரூட் பழச்சாறும் இக்குழந்தைகளுக்கு ஆகாது. ஸ்டார் ஃப்ரூட்டில் உள்ள ஒரு நஞ்சு, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

கஷாயம் எப்படிக் காய்ச்சுவது? குழந்தைக்கு எவ்வளவு? மருத்துவர் அனுமதித்திருக்கிறார், கடையில் சரியாகச் சொல்லவில்லை. – சிங்கப்பூர்

மண் அல்லது பீங்கான் பானை, இல்லாவிட்டால் கண்ணாடி, எவர்சில்வர். இரும்பு, அலுமினியம், செம்பு வேண்டாம். மூலிகையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கஷாயம் கறுத்துவிடும். சரக்கை லேசாக அலசி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். நீர், சரக்குக்கு மேல் இரண்டு விரல் நிற்க வேண்டும். பெருந்தீயில் கொதி வந்ததும் சிறுதீயில் 20 முதல் 30 நிமிடம். வடித்துவிட்டு, நீர் குறைவாக ஊற்றி மறுபடி 15 முதல் 20 நிமிடம். இரண்டையும் கலந்து, பாதி காலை, பாதி மாலை. முதல் கஷாயம் கெட்டியாகவும் இரண்டாவது நீர்த்தும் இருப்பதால், கலக்காமல் கொடுத்தால் இரண்டு வேளை அளவும் ஒன்றாக இருக்காது. அடிப்பிடித்துவிட்டால் நீர் ஊற்றிச் சமாளிக்காமல் கொட்டிவிடுங்கள். அன்றைய கஷாயம் அன்றைக்கே.

தனியாகச் சின்னப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள். ச்சே ச்சியென் ஸி என்ற சிறு விதை நீரில் கொழகொழவென்றாகி அடியில் ஒட்டித் தீயும், அதனால் துணியில் முடிந்து போட வேண்டும். புதினா வகையைக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும். மலம் இளகுவதற்காகச் சேர்க்கும் டா ஹுவாங் வேரைக் கடைசியில் போட்டால் பேதி அதிகமாகும், சேர்த்துக் கொதிக்க விட்டால் குறையும். ஃபு ஸி இருந்தால் அதை மட்டும் முதலில் 30 முதல் 60 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மரத்து, இதயம் தாறுமாறாகத் துடிக்கும். உண்மையில் சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு ஃபு ஸி வேண்டாம் என்றே சொல்வோம். வீட்டு அடுப்பில் நேரம் தவறுவது எளிது.

சீனக் குழந்தை மருத்துவப் பாடநூல்களின் அளவு: பிறந்த குழந்தைக்குப் பெரியவர் அளவில் ஆறில் ஒன்று, கைக்குழந்தைக்கு மூன்றில் ஒன்று, ஐந்து, ஆறு வயதுக்குள் பாதி, பள்ளி வயதில் மூன்றில் இரண்டு அல்லது முழு அளவு. வீக்கம் இருந்து சிறுநீர் குறைந்திருந்தால் கஷாய நீரையும் நீர்க் கணக்கில் சேருங்கள். நேற்று போன சிறுநீர் அளவோடு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மி.லி. கூட்டினால் இன்றைய மொத்தம். 20 கிலோ குழந்தைக்கு அந்தக் கூட்டல் ஏறக்குறைய 320 மி.லி. அதில் 150 மி.லி. கஷாயத்துக்கே போய்விட்டால் தாகத்துக்கு என்ன மிஞ்சும்? அப்போது துகள் மருந்தாகக் கேட்டு, 30 மி.லி. வெந்நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

எல்லாப் பொட்டலத்திலும் கான் சாவ் இருக்கிறது. அது அதிமதுரம்தானே, நல்லதுதானே? – கோலாலம்பூர்

அதிமதுரம்தான். மற்றச் சரக்குகளை இணக்கமாக்க ஏறக்குறைய எல்லாச் சீனக் கஷாயத்திலும் சேர்ப்பார்கள். அதிலுள்ள கிளிசிரைசின், கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. விளைவு: உடலில் உப்பும் நீரும் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரெட்னிசோலோனின் வேலையும் கூடும். வீக்கமுள்ள, ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு நான்கும் கெடுதல். கான் சாவை எடுத்துவிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் கஷாயத்தின் நோக்கம் கெடாது. தொண்டைக்கு வீட்டில் கொடுக்கும் அதிமதுரப் பொடிக்கும் இதே எச்சரிக்கை.

குழந்தை டேக்ரோலிமஸ் சாப்பிடுகிறாள். மூலிகையை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் போதுமா? – மதுரை

போதாது. வயிற்றுக்குள் சந்திப்பதல்ல பிரச்சினை. கல்லீரலும் குடலும் டேக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியையே சில மூலிகைகள் முடக்குகின்றன. வு வெய் ஸி இனத்திலிருந்து எடுத்த 'வு ஜி' காப்ஸ்யூல் இரத்தத்தில் டேக்ரோலிமஸ் அளவை நன்றாக ஏற்றிவிடும். சீனாவில் சில மருத்துவர்கள் மருந்துச் செலவைக் குறைக்க வேண்டுமென்றே அதைச் சேர்க்கிறார்கள், ஆனால் அடிக்கடி இரத்த அளவு பார்த்துக்கொண்டு. யாரும் அளவு பார்க்காத வீட்டில் அது ஏறினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும். மூலிகையை நிறுத்திய வாரம் அளவு சரிந்து நோய் திரும்பும். ஹுவாங் லியென் மூலிகையும் இப்படித்தான், டேக்ரோலிமஸ் வகையைச் சேர்ந்த சைக்ளோஸ்போரினுக்கும் இது பொருந்தும். பம்பளிமாஸையும் விலக்குங்கள். டேக்ரோலிமஸ் சாப்பிடும் குழந்தைக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம் என்பதே பாதுகாப்பு.

உடல் முழுக்க வீக்கம். பேதிக்குக் கொடுத்து நீரை இறக்கலாம் என்கிறார்கள். – ஈப்போ

ஆபத்து. நெஃப்ரோடிக் வீக்கத்தில் நீர் திசுக்களில் தேங்கியிருக்கிறது, இரத்தக் குழாய்க்குள் பல சமயம் குறைவு. ஆல்புமின் இறங்கியிருப்பதால் இரத்தம் எளிதில் உறையும். கான் ஸுய், டா ஜி, ச்சியென் நியூ ஸி போன்ற கடும் பேதி மருந்துகள் அந்தக் குறைந்த நீரையும் வெளியேற்றினால் இரத்தம் உறைந்து மூளைக்கோ சிறுநீரக நாளத்துக்கோ அடைப்பு வரலாம். தேவைப்பட்டால் ஆல்புமினும் நீர் இறக்கும் ஃப்ரூசமைடும் மருத்துவமனையில் ஏற்றட்டும்.

டா ஹுவாங் கொடுத்த பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது. இரத்தமா? – பினாங்கு

பெரும்பாலும் அந்த வேரின் நிறமி. சிறுநீர் அமிலமாக இருந்தால் மஞ்சள் பழுப்பு, காரமாக இருந்தால் சிவப்பு. ஆனால் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டொங் சோங் ஷியா சாவ் (கார்டிசெப்ஸ், புழுவின் மேல் வளரும் பூஞ்சை) விலை அதிகம் என்றாலும் வாங்கத் தயார். – துபாய்

வாங்காதீர்கள். 2016இல் சீன அரசே சந்தையில் எடுத்த மாதிரிகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மி.கி. ஆர்செனிக் கண்டது, உடல்நல உணவுக்கான வரம்போ 1 மி.கி. மருத்துவமனைகளில் எழுதுவது காட்டுப் பூச்சி அல்ல, தொட்டியில் நொதிக்க வைத்த பூஞ்சைப் பொடி. அதற்கும் குழந்தைகளில் நல்ல சான்று இல்லை.

பிறந்ததிலிருந்தே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு. மூலிகையில் கரையுமா? – தஞ்சாவூர்

கரையாது, அது சதைத் தடுப்பு. உள்நோக்கிக் கருவியால் வெட்ட வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சிறுநீரகத்தைத் தின்னும்.

பெயர் எழுதாத ஒரு பொடி கொடுத்தார்கள். நான்கே நாளில் புரதம் நின்றது. ஸ்டீராய்டு கொடுத்தும் இவ்வளவு வேகம் இல்லை. தொடரலாமா? – ஜொகூர்

அந்த வேகம்தான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. சீன மருந்து என்று விற்கும் பொடிகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு, நீர் இறக்கும் மருந்து, வலி மாத்திரை கலந்திருப்பதை ஹாங்காங் சுகாதாரத் துறை திரும்பத் திரும்பக் கண்டு எச்சரித்திருக்கிறது. முகம் வட்டமாகி, பசி கூடி, இரத்த அழுத்தம் ஏறினால் ஐயமே வேண்டாம். ஆனால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, முன்பே சொன்ன அட்ரினல் ஆபத்து உண்டு. பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, மெல்லக் குறைப்பார்.

மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி எட்டு எண்களும் கடைசியில் 'டி' (T) எழுத்தும், பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், பெட்டியில் உள்ள அதே பெயர் வர வேண்டும். 'ஜு ஷா' என்று பட்டியலில் இருந்தால் அது சாதிலிங்கம், பாதரசச் சேர்மம். பாதரசமே நெஃப்ரோடிக் சிண்ட்ரோமை உண்டாக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு வந்த ஒருவகை மெம்பரனஸ் நோயை (சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோய்) பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவற்றில் பாதரசம் இருந்தது.

மருத்துவரிடம் மூலிகையைப் பற்றிச் சொன்னால் திட்டுவாரே என்று பயமாக இருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும்? – கோயம்புத்தூர்

எல்லாவற்றையும். மருந்துச் சீட்டு, பொட்டலத்தின் இரு பக்கப் படம், தொடங்கிய தேதி, ஒரு நாள் அளவு. திட்டினாலும் பரவாயில்லை, தெரியாமல் ஒரு மருந்தைச் சேர்த்து எழுதிவிடுவதைவிட அது மேல். தொடங்கும் முன், இரண்டு வாரத்தில், பிறகு மாதம் ஒருமுறை கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் நொதி, இரத்த அணுக்கள் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தினமும் காலை எழுந்ததும் சிறுநீர் கழித்த பின் எடை. முதல் சிறுநீரில் பட்டைச் சோதனை, நோட்டில் தேதியோடு. தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால் நோய் திரும்பிவிட்டது, மூன்று நாள் 'இல்லை' அல்லது 'டிரேஸ்' என்றால் அடங்கிவிட்டது. மூலிகை தொடங்கிய நாளை அதே நோட்டில் குறித்தால், பலன் உண்டா இல்லையா என்று இரண்டு மாதத்தில் நோட்டே காட்டிவிடும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை அதிக ஸ்டீராய்டு போகும்போது போடக்கூடாது, நிமோனியா தடுப்பூசி அவசியம் போட வேண்டும்.

வீக்கமுள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி, மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வலித்து வீங்குதல், வலிப்பு, அரை நாளுக்கு மேல் சிறுநீர் வராமை, சின்னம்மை வந்த பிள்ளையோடு பழகியது. இவற்றில் எது நேர்ந்தாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டு, ஸ்டீராய்டை நிறுத்தாமல், அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.